சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் ஜாஸ் குழுவும் ஒரே மேடையில்: பல்கலைக்கழகக் கச்சேரியைத் திட்டமிடும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இசைப் பள்ளிகளில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் ஜாஸ் குழுவும் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில்தான் பயிற்சி செய்கின்றன. ஆனாலும் ஒரு குழுவின் வாசிப்பை மற்றொன்று கேட்காமலேயே ஆண்டு கழிந்துவிடுவதுண்டு. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றத் துணியும் ஆசிரியர்களுக்கும், மேடைப் பொறுப்பை ஏற்கும் மாணவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும். முதலிலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: இத்தகைய கச்சேரி எடுபடுமா என்பது, ஒவ்வொரு கட்டத்திலும் காலப்பிரமாணம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை மேடையிலுள்ள அனைவரும் அறிந்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் கோலைப் பார்த்து, அது காட்டும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் ஒலியெழுப்பிப் பழகியது. ஜாஸ் குழு டிரம்ஸின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் மூடும் ஓசையைக் கேட்டு, அதன் மேலேயே வாசித்துப் பழகியது. இரு தரப்பும் தத்தம் வழக்கப்படி சரியாகவே வாசித்தாலும், சேர்ந்து கேட்கும்போது கூட்டிசை தள்ளாடும். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்கானவை.

உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தல்

இரு மரபுகளையும் இணைக்கும் படைப்புகளில் முதலில் நினைவுக்கு வருவது ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் ஏயோலியன் ஹாலில் பால் வைட்மனின் குழு இதை முதன்முதலில் வாசித்தபோது, ஃபெர்டி குரோஃபே அந்தக் குழுவுக்கென்றே வாத்தியப் பகிர்வை எழுதியிருந்தார். இன்று ஆர்கெஸ்ட்ராக்கள் வழக்கமாக வாசிப்பது 1942இல் வெளியான பெரிய வடிவத்தை. இதை எடுத்துக்கொண்டால் எந்த வடிவம் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் தேவைப்படும் ஆட்கள் வேறு, உரிம நிலையும் வேறு. 1924ஆம் ஆண்டு வெளியீடுகள் அமெரிக்காவில் 2020 முதல் பொதுவுடைமை ஆகிவிட்டன என்பதை வைத்துப் பிந்தைய வடிவத்தையும் கட்டணமின்றி வாசிக்கலாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பதிப்பகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

இரு குழுக்களும் உண்மையாகவே எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளும் படைப்பு வேண்டுமென்றால், டியூக் எலிங்டனின் ‘நைட் கிரீச்சர்’ மாணவர்களுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 1955இல் கார்னகி ஹாலில் எலிங்டனின் குழுவும் ‘சிம்பொனி ஆஃப் தி ஏர்’ ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து இதை அரங்கேற்றின. மூன்று பகுதிகள் கொண்ட இது ஏறத்தாழக் கால் மணி நேரம் நீடிக்கும். தந்திவாத்தியக்காரர்கள் வெறும் பின்னணியாகக் கார்வை பிடித்துக்கொண்டிருக்காமல் ஸ்விங் (ஜாஸுக்கே உரிய ஊசலாடும் நடை) செய்தே ஆக வேண்டிய இடங்கள் இதில் உள்ளன. 1954இல் சுவிட்சர்லாந்தின் ரோல்ஃப் லீபர்மன் ஜாஸ் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்து எழுதிய கான்செர்ட்டோவில் இரு தரப்பும் பெரும்பாலும் மாறி மாறி வாசிப்பதால் ஒத்திகைச் சுமை குறைவு. ஆனால் அது பன்னிரு சுர முறையில் (பன்னிரண்டு சுரங்களையும் நிர்ணயித்த வரிசையில் கையாளும் முறை) அமைந்தது, கேட்போரிடமும் வாசிப்போரிடமும் கூடுதல் கவனம் கோருவது. 2010இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் அரங்கேற்றிய வின்டன் மார்சலிஸின் ‘ஸ்விங் சிம்பொனி’ பிரம்மாண்டமானது என்றாலும், முதன்முறையாக இணையும் குழுக்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

முதல் முயற்சிக்கு எளிய வழி ஒன்றுண்டு. சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ தொகுப்பை எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960இல் ஜாஸ் குழுவுக்காக மாற்றி எழுதினார்கள். ஆர்கெஸ்ட்ரா ஒரு பகுதியை வாசிக்க, ஜாஸ் குழு அதே பகுதிக்கு உடனே பதில் சொல்ல, கேட்போருக்கு இரு மரபுகளின் வேறுபாடும் உறவும் எந்த விளக்கவுரையும் இல்லாமலே புரிந்துவிடும். இரு குழுக்களும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டியதில்லை என்பதால் இலையுதிர்காலப் பருவத்தின் இறுதியில், டிசம்பர் கச்சேரிக்கு, இது நன்கு பொருந்தும்.

வாசிப்புத் தாள்கள் வந்ததும் அவற்றை நூலகப் பொறுப்பாளர் ஒருமுறை முழுமையாகச் சரிபார்க்க வேண்டும். ஜாஸ் தாள்களில் இடங்களைச் சுட்டும் எழுத்துக் குறிகளும் (A, B, C) ஆர்கெஸ்ட்ராத் தாள்களில் பார் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதி) எண்களும் மட்டுமே இருப்பது சாதாரணம். ஒத்திகையில் “212ஆம் பாரிலிருந்து” என்று நடத்துநர் சொன்னதும் சாக்ஸபோன் வரிசை விழிப்பதைத் தவிர்க்க, இரண்டையும் எல்லாத் தாள்களிலும் எழுதிவிடுவது ஒரு மாலை வேலைதான்.

தந்திவாத்தியங்களுக்கு ஸ்விங் கற்பித்தல்

மிகுதியான நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். தாளில் சமமான எட்டாம் சுரங்களாக எழுதப்பட்டிருப்பவை ஸ்விங்கில் சமமாக ஒலிப்பதில்லை. நம் இசை அறிந்தவர்களுக்குத் திஸ்ர நடையை வைத்து இதை எளிதில் விளக்கலாம்: ஓர் எண்ணிக்கையை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு கூறுகளைச் சேர்த்து ஒரு சுரமாகவும், மூன்றாவதை அடுத்த சுரமாகவும் வாசிப்பது போன்றது அது. ஆனால் இது தொடக்க விளக்கம் மட்டுமே. காலம் மெதுவாக இருக்கும்போது நீளச் சுரம் மேலும் நீளும். காலம் விரைய விரைய இரு சுரங்களும் ஏறக்குறையச் சமமாகிவிடும். திஸ்ரக் கணக்கை எல்லாக் காலங்களிலும் கறாராகப் பிடித்துக்கொள்ளும் வயலின் வரிசை, விரைவான இடங்களில் குதிரைக் குளம்படி போல ஒலிக்கும்.

நீளத்தைவிட அழுத்தமே முக்கியம் என்பதை மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆர்கெஸ்ட்ராப் பயிற்சி எண்ணிக்கையின் தலையில் அழுத்தம் தரக் கற்பிக்கிறது. ஜாஸில் அழுத்தம் பெரும்பாலும் எண்ணிக்கைகளுக்கு இடையில் விழும் சுரத்தின் மீது அமைந்து, அங்கிருந்து அடுத்த எண்ணிக்கைக்குள் இணைந்து செல்லும். ஆகவே வில்லின் போக்கையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்: இடைச் சுரத்தில் தொடங்கித் தலைச் சுரத்தை ஒரே வீச்சில் பிணைத்துக்கொள்ளும் வில், வில்லின் நடுப்பகுதியில் சிறிய அசைவு, குறைந்த வைப்ரேட்டோ (விரலை அசைத்துச் சுரத்தில் தரும் அதிர்வு). குறி ஏதும் இல்லாத கால் சுரங்களைக் குறுக்கியே வாசிக்க வேண்டும். நீண்ட சுரங்களைத் தொடங்கும் இடத்தைப் போலவே அவற்றை நிறுத்தும் இடமும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் அமைய வேண்டும்.

இவற்றைச் சொல்லி விளங்கவைப்பதைவிடப் பாடிக் காட்டுவது பன்மடங்கு பயன் தரும். ஜாஸ் குழுவில் வாக்கிய அமைப்பைத் தீர்மானிப்பவர் முதல் ட்ரம்பெட் கலைஞர். ஆர்கெஸ்ட்ராவில் வில்லைத் தீர்மானிப்பவர் முதல் வயலின் வரிசையின் தலைவரான கான்சர்ட் மாஸ்டர். முதல் கூட்டு ஒத்திகைக்கு முன் இவ்விருவரையும் ஒரு சிறிய அறையில், ஒரு பென்சிலோடும் முதல் வயலின் தாளோடும் உட்கார வையுங்கள். ட்ரம்பெட்காரர் ஒரு வாக்கியத்தை “டூ-டா டூ-டா டூ-டாட்” என்று பாடுவார்; கான்சர்ட் மாஸ்டர் அந்த “டாட்” முடியும் கூர்மையை எந்த வில்லில் கொண்டுவரலாம் என்று மேல்வில், கீழ்வில் இரண்டிலும் முயன்று பார்த்து, பொருந்தியதைக் குறித்துக்கொள்வார். அந்தத் தாளே மற்ற தந்தி வரிசைகளுக்கு மூலமாகிறது. இப்படி ஒரு மணி நேரம் உழைத்தால், முழு ஒத்திகையில் எழுபது பேரை நிறுத்தி வைத்து விளக்கும் நேரம் மிச்சமாகும். நடை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ‘ஸ்விங்’ என்றோ ‘சமம்’ என்றோ பெரிதாக எழுதிவிடச் சொல்லுங்கள். மாற்றம் நிகழ்ந்த பின்னும் பழைய நடையிலேயே இரண்டு பார் ஓடிவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

மேடையில் யார் எங்கே

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. டிரம்ஸை மேடையின் ஒரு கோடியில் வைத்து, கடைசி வயலின் வரிசை அதிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தால், ஓசை அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 35 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 180 எண்ணிக்கை ஓடும் ஓர் உருப்படியில், முன்பு சொன்ன திஸ்ரக் கூறு ஒன்றின் அளவே 111 மில்லி நொடிதான்; அதாவது, அந்த வயலின்காரர் காதை நம்பி வாசித்தால் ஒரு கூறில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்குவார். எனவே டிரம்ஸ், டபுள் பேஸ், பியானோ, கிட்டார் ஆகிய நான்கும் நடத்துநருக்கு மிக அருகே, மேடையின் நடுப்பகுதியில், ஒன்றையொன்று தொடும் நெருக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிராம்போன், நான்கு ட்ரம்பெட் என்ற வழக்கமான பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) அடுக்கு அவற்றை ஒட்டி அமையலாம். ஜாஸ் குழுவை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். காதுக்கு அது கேடு.

டிரம்ஸின் முன் அக்ரிலிக் தடுப்பு வைப்பது பரவலான வழக்கம். அது முன்னே செல்லும் ஓசையைக் குறைக்கும் என்றாலும், அந்த ஓசை திரும்பி டிரம்ஸ் கலைஞரின் காதிலேயே அறையும். மெல்லிய குச்சிகள், பிரஷ், தரைவிரிப்பு ஆகியவற்றை முதலில் முயன்று பார்த்து, போதவில்லை என்றால் மட்டும் தடுப்புக்குப் போகலாம். சிம்பொனிக்காகக் கட்டப்பட்ட அரங்கங்களில் எதிரொலி இரண்டு நொடி வரை நீடிக்கும். வயலினுக்கு வளம் சேர்க்கும் அதே எதிரொலி டிரம்ஸின் ஓசையைக் குழப்பிவிடும். அரங்கில் இழுத்து விடக்கூடிய திரைகள் இருந்தால், ஜாஸ் பகுதிகளுக்கு அவற்றை விரிக்கச் சொல்லுங்கள். தந்திவாத்தியங்களுக்கு மேலிருந்து தொங்கும் மைக் வைத்தால் அதில் டிரம்ஸும் சேர்ந்தே விழும். முன்வரிசை வாத்தியங்களில் பொருத்தும் சிறு மைக்குகளே பயன்படும். ட்ரம்பெட்டுகளுக்கு முன்னே அமரும் வயோலா, பஸூன் கலைஞர்களுக்குக் காதடைப்பான் கொடுப்பது கட்டாயம்.

சுருதியையும் மறக்க வேண்டாம். ஆர்கெஸ்ட்ரா 441 அல்லது 442 ஹெர்ட்ஸில் சேர்ந்து பழகியிருக்க, பியானோ 440இல் இருந்தால், எவ்வளவு நல்ல காதுகளாலும் அதை ஈடுசெய்ய முடியாது. பியானோவைச் சுருதி சேர்ப்பவரை அழைக்கும் நாளிலேயே அளவை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒத்திகையும் நடத்துநரும்

கூட்டு உருப்படிகளுக்கு இரு குழுக்களின் நடத்துநர்களில் ஒருவரே மேடையில் நடத்த வேண்டும். மற்றவர் அரங்கில் அமர்ந்து ஒலிச் சமநிலையைக் கேட்டுச் சொல்லலாம். இருவரும் முழு இசைத்தாளை முன்வைத்து, கோல் வழிநடத்தும் பார்களை ஒரு நிறத்திலும் டிரம்ஸ் வழிநடத்தும் பார்களை வேறு நிறத்திலும் குறித்துவிட வேண்டும். டிரம்ஸ் நிலையாக ஓடும் இடங்களில் நடத்துநர் பெரிதாகக் கையசைத்தால் தந்திவாத்தியங்கள் அந்த அசைவின் பின்னால் போய்விடும். அங்கே கோல் சிறிதாக, டிரம்ஸோடு ஒட்டி ஓடினால் போதும். காலம் நெகிழும் இடங்களிலோ டிரம்ஸ் கலைஞர் தாளிலிருந்து தலையைத் தூக்கிக் கோலையே பார்க்க வேண்டும். மனோதர்ம வாசிப்புக்குரிய இடங்களில் எத்தனை சுற்று என்பதை முன்பே நிச்சயித்துவிடுவது ஆர்கெஸ்ட்ராவுக்கு நிம்மதி தரும். ஆனால் சுற்றுகளை இரும்புச் சட்டம் போலக் கட்டிவிட்டால் தனிவாசிப்பாளர் மூச்சுவிட இடமிருக்காது. கடைசிச் சுற்றை நடத்துநர் முஷ்டியை உயர்த்திக் காட்டுவது என்ற ஏற்பாடு இருவருக்கும் இடம் தருகிறது.

தந்திவாத்தியங்களின் தனி ஒத்திகைகளுக்கு ஜாஸ் குழுவின் டிரம்ஸ், பேஸ் கலைஞர்கள் இருவரும் வர வேண்டும் என்று வலியுறுத்துவேன். டிரம்ஸோடு சேர்ந்து கற்ற வாக்கியம் கையில் நிற்கும். மெட்ரோனோமோடு கற்றதை மறுபடி கற்க வேண்டியிருக்கும். அதன் பிறகு முழுக் கூட்டு ஒத்திகைகள் மூன்றுக்குக் குறையக் கூடாது. அவற்றில் இரண்டாவது கச்சேரி அரங்கத்திலேயே நடக்க வேண்டும். இரு குழுக்களிலும் வாசிக்கும் ட்ரம்பெட், டிராம்போன் மாணவர்களின் பெயர்களைத் தனியே எழுதி வைத்து, அவர்களுக்கு ஒரே நாளில் இரு நீண்ட ஒத்திகைகள் விழாதபடி பாருங்கள்; உதடு களைத்துவிட்டால் கச்சேரி நாளில் மேல்ஸ்தாயி கிட்டாது.

நிகழ்ச்சி வரிசையில் கூட்டு உருப்படிக்கு முன்பாக இடைவேளையை வைத்தால், இருக்கைகளையும் மைக்குகளையும் மாற்ற அவகாசம் கிடைக்கும். அரங்கின் தரையில் ஒட்டிய வண்ண நாடாக்கள் ஒத்திகையிலிருந்து கச்சேரி முடியும் வரை அப்படியே இருக்கட்டும். கரவொலி நீண்டால் வாசிக்கும் கூடுதல் உருப்படி, இருக்கைகள் எதையும் நகர்த்தத் தேவையில்லாததாகவும், இரு குழுக்களும் சேர்ந்து வாசிப்பதாகவும், மூன்று நான்கு நிமிடங்களுக்குள் முடிவதாகவும் இருக்க வேண்டும். அதன் தாளை எல்லாரும் தங்கள் தாங்கியில் கடைசித் தாளாக முன்கூட்டியே வைத்திருக்கிறார்களா என்று இடைவேளையின்போது மேடை மேலாளர் ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும்.