ஜாதிக்காய் ஊருக்குப் போகிறவர்களுக்கு

சென்னை ராசப்ப செட்டித் தெருவில் இருக்கும் எங்கள் நாட்டு மருந்துக் கடையில் நாளைக்குப் பத்து முறையாவது ஜாதிக்காய் டப்பாவைத் திறப்பேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கு உரைமருந்து கட்டும்போது அது இல்லாமல் ஆகாது. அந்தக் காயைத் தேசியக் கொடியிலேயே வைத்திருக்கும் நாடு, கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா. அதன் தலைநகரம் செயின்ட் ஜார்ஜஸ். கோட்டையும் துறைமுகமும் ஜார்ஜ் பெயரும் நமக்குப் பழக்கம்தான்; ஆனால் அந்த ஊர், மலைச்சரிவில் அடுக்கி வைத்த கொலுப்படி மாதிரி.

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் மூன்று மாதம்வரை அங்கே விசா தேவையில்லை. சிக்கல் வழியில்தான். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். லண்டனில் ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதாக இருந்தால் பிரிட்டன் விசா வேண்டும். எனக்கு டிக்கெட் போட்டுத் தந்த முகவர் இதைச் சொல்லவே இல்லை. பயணத்தை ஒன்றரை மாதம் தள்ளிவைத்தேன். ஆகவே முதலில் வழி, பிறகு விசா, கடைசியில் டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள டிரினிடாட் தீவு வழியாகத் திரும்புகிறவர்கள் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள்.

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2004 செப்டம்பரில் அடித்த ஐவன் புயல் பெரும்பாலான ஜாதி மரங்களைச் சாய்த்துவிட்டது. ஜாதி மரம் காய்க்கப் பல ஆண்டு ஆகும் என்பது தெரிந்தவனுக்கு அந்தச் செய்தி எப்படி வலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் ராணுவ உடை போலப் பச்சைத் திட்டு போட்ட சட்டை, தொப்பி எதுவும் வேண்டாம், குழந்தைக்குக்கூட வேண்டாம். அங்கே அது சட்டப்படி குற்றம். மின்சாரம் நம்முடைய 230 வோல்ட்தான், ஆனால் தட்டை முள் பிளக். அதற்கு ஓர் அடாப்டர் போதும்.

பணத்தில் கவனம் வேண்டும். உள்ளூர் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் நிலையாக இருக்கிறது. கடைக்காரர் “இருபது டாலர்” என்றால், எந்த டாலர் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் கேட்காமல் நீட்டினேன். கடைக்கார அம்மாள்தான் என் அமெரிக்க நோட்டைத் திருப்பித் தந்தார்.

அதைவிட முக்கியம், எதைக் கேட்பதற்கு முன்பும் “குட் மார்னிங்” சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறும்போதும் சொல்ல வேண்டும். நம் ஊரில் கடைக்கு வந்தவர் “சுக்கு கால் கிலோ” என்றுதான் பேச்சைத் தொடங்குவார், யாரும் தவறாக நினைப்பதில்லை. அங்கே அது மரியாதைக்குறைவு.

பஸ் என்பது சிறிய வேன். ஒன்றாம் எண் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்குப் போகும். இறங்குமிடம் வந்தால் வேனின் உட்பக்கத்தில் தட்டினால் போதும், நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள்.

ஊருக்குள் நடந்தே போய்விடலாம். கரினாஜ் என்ற படகுத்துறையிலிருந்து மறுபக்கம் போக 1894-இல் குடைந்த செண்டால் சுரங்கம் இருக்கிறது. வண்டியும் மனிதனும் ஒரே வழியில் போக வேண்டும். சுவரோடு ஒட்டி நடங்கள். மேலே ஏறினால் ஜார்ஜ் கோட்டை. 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப்பையும் அவருடன் இருந்தவர்களையும் சொந்த நாட்டு ராணுவத்தினரே சுட்டுக்கொன்ற இடம் அது. ஆறு நாளில் அமெரிக்கப் படை வந்து இறங்கியது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் அந்தத் தெருக்களில் நடமாடுகிறார்கள். அங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். 1857 முதல் அங்கே கூலிகளாகப் போன இந்தியர்களின் ரொட்டி இன்றைக்கு எல்லோருக்கும் உணவு. கொண்டைக்கடலை வைத்ததைக் கேளுங்கள். தேசிய உணவான ‘ஆயில் டவுன்’ சீமைப்பலா, சேம்பு இலை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து வேகும். உப்பிட்ட இறைச்சி போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ‘சாஃப்ரன்’ என்று அவர்கள் சொல்வது குங்குமப்பூ அல்ல, நம் மஞ்சள்தான்.

சந்தைச் சதுக்கத்துக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள். பெரிய சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளானால் நெரிசல் சேரும் முன்பே போய்விடுங்கள். ஒரு பாட்டி அன்று பறித்த காயைப் பிளந்து காட்டினார். மஞ்சள் சதைக்குள் பளபளக்கும் கறுப்புக் கொட்டை. அதன்மேல் ரத்தச் சிவப்பில் வலைபோல ஜாதிபத்திரி. முப்பது ஆண்டாக நான் எடைபோட்டு விற்ற பத்திரி எல்லாம் காய்ந்து வெளுத்த ஆரஞ்சு நிறம். உயிரோடு இருக்கும்போது அது இந்தச் சிவப்பு என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தொட்டபோது மெழுகுபோல் வழுக்கியது. காய்ந்த கொட்டையைக் காதருகே ஆட்டச் சொன்னார். உள்ளே பருப்பு கடகடவென்றால் பதம். கொட்டையின் மேலோட்டைக்கூட எறியாமல் தோட்டப் பாதையில் பரப்பிவிடுகிறார்கள்.

முளைக்கக்கூடிய விதை, செடி, மண் எதையும் கொண்டுவராதீர்கள். சென்னை விமான நிலையத்தில் தாவர நோய்த்தடுப்புச் சோதனையில் சிக்கல் வரும். ஜாதிக்காய்ச் சதையில் செய்த ஜாம், பாகு இரண்டும் மூடி முத்திரையிட்டுக் கிடைக்கும். கண்ணாடிப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.