ஸ்பகெட்டி பூசணி: மஞ்சளானதும் பறித்துவிடாதீர்கள்

வெந்ததும் சதை ஸ்பகெட்டி நூடுல்ஸ் போல இழை இழையாகப் பிரியும் பூசணிதான் ஸ்பகெட்டி பூசணி. அதை வளர்ப்பது கடினமான வேலை அல்ல. நல்ல வெயில், மக்கிய உரம், கொடி ஓட இடம் இருந்தால் போதும், அது தன் போக்கில் காய்க்கும். ஆனாலும் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அதே சில தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். தண்ணீர் விட மறப்பது, நிழலில் நடுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

முதல் பூக்கள் உதிர்ந்ததும் பதறுவது

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் போன்ற புடைப்பு இருந்தால் அது பெண் பூ. அந்தப் பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கி விழுந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். தேனீ வரவில்லை என்றால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள்.

தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவது

இலைதான் மிஞ்சும்.

முற்றுவதற்கு முன் பறிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான். மற்ற தவறுகளால் ஒரு காயோ இரண்டு காயோ போகும். இதனால் மாதக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் போகிறது.

இந்தக் காய் அளவில் வளர்ந்து முடிப்பது ஒன்று, உள்ளே முற்றுவது வேறு. பிஞ்சு பிடித்த மூன்று நான்கு வாரத்துக்குள் அது ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். வெளிறிய மஞ்சளும் தட்டத் தொடங்கும். பார்க்கிறவருக்கு விளைந்த காயாகவே தெரியும். ஆனால் தோல் இறுகுவதும், மாவுச்சத்தும் இனிப்பும் சேர்வதும், விதை திரள்வதும் அதற்குப் பிறகுதான். விதைத்ததிலிருந்து கணக்கிட்டால் பொதுவாக 90 முதல் 100 நாள் ஆகும்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் இப்படித்தான் வெளிர்மஞ்சளில் இருந்த காய்களையெல்லாம் ஒரே நாளில் அறுத்து அலமாரியில் அடுக்கினார். கொடியில் விடுங்கள் என்று சொன்னேன். பூச்சி கடித்துவிடும் என்று அவருக்குப் பயம். முதலில் வெட்டிய காயில் சதை இழை இழையாகப் பிரியவில்லை, சொதசொதவென்று குழைந்தது. மீதிக் காய்கள் காம்புப் பக்கம் மெத்தென்றாகி, ஒவ்வொன்றாக அழுகின. பூச்சிக்குத் தப்பியவை அலமாரியில் வீணாயின. முற்றிய காயாக இருந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் அசையாமல் கிடந்திருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கட்டைவிரல் நகத்தைத் தோலில் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள். நகம் இறங்கிப் பிறை போலத் தடம் விழுந்து, அதில் ஈரம் கசிந்தால் காய் இன்னும் பிஞ்சு. நகம் வழுக்கி, தோலில் கீறல்கூட விழாவிட்டால் முற்றிவிட்டது. அப்போது தோலின் பளபளப்பு மங்கி, மஞ்சள் அடர்ந்திருக்கும். காம்பும் பசுமை வற்றித் தக்கைபோல் ஆகியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரியும்வரை காத்திருங்கள். காய் மண்ணில் படாமல் அடியில் வைக்கோலோ பலகையோ வைத்தால் காத்திருக்கும் நாள்களில் அடி அழுகாது.

உறைபனி நெருங்குகிறது என்றால் மட்டும் வேறு வழியில்லை, பறிக்கத்தான் வேண்டும். ஓரளவு விளைந்த காயை வெதுவெதுப்பான அறையில் வைத்தால் நிறம் ஏறும். கொடியில் முற்றிய சுவை வராது. அவற்றை முதலில் சமைத்துவிடுங்கள்.

காம்பை ஒட்ட அறுப்பது

காயைத் திருகிப் பிடுங்காதீர்கள். கத்தரியால் வெட்டி, நான்கைந்து சென்டிமீட்டர் காம்பை விட்டுவையுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. அது முறிந்த இடத்தின் வழியாகவே அழுகல் உள்ளே போகிறது. அறுத்த காயைக் காற்றோட்டமான, 25 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெப்பமுள்ள இடத்தில் பத்து நாள் போல உலரவிட்டு, பிறகு குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

முழுக் காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது

கூடாது. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் குளிரே காயைக் கெடுக்கும்.

தோட்டத்துக் காயிலிருந்து விதை எடுப்பது

ஸ்பகெட்டி பூசணியும், வெள்ளரி போல நீண்டிருக்கும் சுக்கினியும் ஒரே இனம். அழகுக்காக வளர்க்கும் சிறு பூசணி வகைகள் பலவும் அதே இனம்தான். அருகருகே பூத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். இந்த ஆண்டுக் காயில் ஒரு வேறுபாடும் தெரியாது. அதன் விதையை அடுத்த ஆண்டு போட்டால்தான் தெரியும். இழையே இல்லாத காய் வந்தால் ஏமாற்றத்தோடு போகும். அழகுப் பூசணியோடு கலந்திருந்தால் காய் கடுமையாகக் கசக்கலாம். அந்தக் கசப்புக்குக் காரணமான குகர்பிடசின் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், வேகவைத்தாலும் போகாது. சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறியுங்கள்.