லேத்தில வேலை வடிவா வருதில்லையோ? மெசினைத் திட்ட முதல் இதுகளைப் பாருங்கோ

லேத்தில, அதாவது இரும்பைச் சுத்தவிட்டுக் கடையிற மெசினில, புதுசா நிக்கிற பெடியள் முதல் மாசம் சொல்லுற ஒரே கதை, "மெசின் பழசு அண்ணை, அதான் வருதில்லை" எண்டுறது. நானும் சொன்னனான். யாழ்ப்பாணத்தில கனக்க வேர்க்சொப்பில நிக்கிறது எங்களை விட வயசான மெசின்தான், ஆனா அதிலதானே தோட்டக்காரருக்கு பம்ப் சாஃப்ட்டும் கடல் தொழிலாளியளுக்கு போட் சாஃப்ட்டும் கடைஞ்சு குடுக்கினம். அதால பிழை தேடேக்க ரூல் (இரும்பை வெட்டுற கூர்) நுனியில தொடங்குங்கோ, பிறகு கடையிற துண்டு, பிறகு சக் (துண்டைக் கவ்விச் சுத்துற தலை), கடைசியாத்தான் மெசின். ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மூண்டை ஒண்டா மாத்தினா எது சரிப்பண்ணினது எண்டே தெரியாது.

தொடங்க முதல் ஒண்டு. சாரத்தோட நிக்காதேங்கோ, கையுறையும் வேண்டாம், சுத்தேக்க இழுத்திடும். சக் கீயை, சக்கை இறுக்கிற திறப்பை, சக்கில குத்தினபடி விட்டிட்டு சுவிச்சில கை வைக்கக்கூடாது.

இனி ரூல் உயரம். துண்டின்ர முகத்தை ஃபேஸ் பண்ணேக்க, அதாவது அந்தத்தை மட்டமா வெட்டேக்க, நடுவில சின்ன மொட்டு மிஞ்சுதெண்டா ரூல் நுனி சென்டருக்கு, துண்டு சுத்துற நடு அச்சுக்கு, நேரா இல்லை. நான் பழகின புதுசில ஒரு பம்ப் சாஃப்ட்டுக்கு இதைக் கவனிக்காமல் மொட்டுக்கு மேலயே சென்டர் ட்ரில்லை (நடுவில சின்ன ஓட்டை போடுற ட்ரில்லை) விட்டன், அது வழுக்கி நுனி உள்ளுக்கையே முறிஞ்சு போச்சு, சாஃப்ட் குடுத்தவர் வாசலில நிக்கிறார். எங்கட பெரியண்ணை ஒண்டும் பேசேல்லை, சேட் பொக்கெற்றில இருந்து 15 சென்ரிமீற்றர் இரும்பு அடிமட்டத்தை எடுத்து, மெசினை நிப்பாட்டி, சாஃப்ட்டுக்கும் ரூல் நுனிக்கும் இடையில நெட்டுக்குத்தா வைச்சு மெல்லமா நெருக்கினார். அடிமட்டத்தின்ர மேல்பக்கம் எங்கட பக்கம் சாய்ஞ்சுது. அப்பிடியெண்டா ரூல் பதிவு. மற்றப் பக்கம், சாஃப்ட்டுக்கு மேலால சாய்ஞ்சா ரூல் உயரம். நேரா நிண்டா சரி. ரூலுக்குக் கீழ பழைய ஹக்சோ பிளேட் துண்டு ஒண்டும் சோடா ரின்னில வெட்டின தகடு ஒண்டும் வைச்சார், மொட்டு போயிட்டுது. சோடா ரின் தகடு கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, அதுக்கு மேல என்ன வேணும்.

அடுத்தது கத்துறது. கீச்செண்டு சத்தம், கடைஞ்ச இடத்தில அலை அலையா கோடு. இதுக்கு முக்கால்வாசிக் காரணம் ஏதோ ஒண்டு நீட்டிக்கொண்டு நிக்கிறது. ரூலை போஸ்ட்டுக்குள்ள (ரூலை இறுக்கிப் பிடிக்கிற இடத்துக்குள்ள) தள்ளி ஏலுமான அளவுக்குக் கட்டையாப் பிடியுங்கோ. துண்டு சக்கில இருந்து தன்ர விட்டத்தைப் போல மூண்டு மடங்குக்கு மேல வெளிய நிண்டா மற்றப் பக்கம் சென்டர் குடுக்கவேணும், அதாவது டெயில் ஸ்டொக் எண்ட மற்றப் பக்கத் தாங்கியில இருக்கிற கூரால தாங்கவேணும். அப்பவும் கத்தினா வேகத்தைக் குறையுங்கோ, ஃபீட்டை (ரூல் நகருற அளவை) கொஞ்சம் கூட்டுங்கோ. புதுசா வாறவை பயத்தில ஃபீட்டைக் குறைப்பினம், அப்ப ரூல் வெட்டாமல் தேய்க்கும், இன்னும் கூடக் கத்தும். ஹைஸ்பீட் ஸ்டீல் ரூலால மைல்ட் ஸ்டீல் கடையிறதெண்டா வெட்டு வேகம் நிமிசத்துக்கு 25 மீற்றர் எண்டு எடுங்கோ. அதை 320 ஆல பெருக்கி, விட்டத்தை மில்லிமீற்றரில போட்டு அதால பிரிச்சா நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டு வரும். 25 மில்லிமீற்றர் கம்பிக்கு 320 சுத்து, 50 க்கு 160. பிறகு ஸ்லைட் (ரூலைச் சுமந்து நகருற பாகம்) பக்கத்தில வரிசையா இருக்கிற சின்ன ஸ்குரூக்களையும் பாருங்கோ, தளர்ந்திருந்தா ஸ்லைட் ஆடும். கைபிடி பாரமில்லாமல் சுத்துற அளவுக்கு மட்டும் இறுக்கினாப் போதும்.

ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் மெலிவா வருதோ? சென்டர் குடுக்காமல் கடைஞ்சா, மெல்லிய துண்டு ரூலுக்கு வளைஞ்சு குடுத்து வெளி முனை தடிக்கும், அதுக்கு மெசின் என்ன செய்யும். சென்டர் குடுத்தும் வந்தா டெயில் ஸ்டொக் விலகியிருக்கு. ஒரு கம்பியில ரெண்டு அந்தத்திலயும் ஒரே வெட்டில, ரூலை அசைக்காமல், மெல்லிசாக் கடைஞ்சு மைக்ரோமீற்றரால அளவுங்கோ. சக் பக்கம் 25.00, டெயில் ஸ்டொக் பக்கம் 25.08 எண்டா, டெயில் ஸ்டொக்கை உங்கட பக்கம் 0.04 தள்ளவேணும், வித்தியாசத்தில பாதிதான். மெலிவா இருந்தா மறுவளமா.

மேல் சொரசொரப்பா கிழிஞ்ச மாதிரி இருந்தா ரூல் நுனியைக் கண்ணால பாருங்கோ, அதில இரும்பு ஒட்டியிருக்கும். தீட்டிப்போட்டு எண்ணெய் விட்டு வெட்டுங்கோ.

மெசின் பெட், ஸ்லைட் ஓடுற அடிப்பாகம், அதைத் துடைச்சு எண்ணெய் பூசிவிடுறது ஒவ்வொரு நாள் பின்னேரமும், கடல் காத்து அடிக்கிற ஊரில ஒரு கிழமை விட்டாலே துரு பிடிக்கும். எமறிப் பேப்பர் போட்டு உரஞ்சக்கூடாது, அதின்ர தூள் ஸ்லைட்டுக்குள்ள போனா ஸ்லைட்டையே தின்னும்.

இவ்வளவும் பாத்தும் சரிவரேல்லை எண்டாத்தான் ஹெட் ஸ்டொக், சக்கைச் சுத்துற பக்கம். டயல் கேஜை (சின்ன அசைவையும் ஊசியால காட்டுற கருவியை) சக் உடம்பில வைச்சு, மரச்சட்டத்தால சக்கை மெல்லமா மேல நெம்புங்கோ. நெம்பேக்க ஊசி நல்லா ஆடினா பேரிங் தளர்வு. அதை நீங்களா இறுக்கப் போகாதேங்கோ, கூட இறுகினா அரை மணித்தியாலத்தில சூடேறிப் பிடிச்சிடும், இதில கை வைச்சுப் பழகின ஒராளைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ.