2016 அனிமே பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே வருடத்தில் வந்த அனிமேக்களை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் படங்களையும் தொடர்களையும், வரிசையாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2016 நல்ல தேர்வு. ‘யுவர் நேம்’, ‘எ சைலன்ட் வாய்ஸ்’, ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ மூன்றும் மூன்றே மாதங்களுக்குள் ஜப்பானில் திரைக்கு வந்த வருடம் அது. ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தால் சில இடங்களில் கட்டாயம் இடறும்.

முதல் தவறு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை கோடு கிழித்துக்கொள்வது. ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு பருவங்களில் புதுத் தொடர்கள் தொடங்கும். ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அத்தியாயங்கள். ‘ரீ:ஜீரோ’ ஏப்ரலில் தொடங்கி இரண்டு பருவங்கள் ஓடி செப்டம்பரில் முடிந்தது. அதில் சிக்கல் இல்லை. ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ அக்டோபரில் தொடங்கி 2017 மார்ச் வரை போனது. ‘கிசுமொனொகதாரி’யின் முதல் இரண்டு படங்கள் 2016இல் வந்தன, மூன்றாவது 2017 ஜனவரியில். தொடங்கிய வருடத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்தால் எல்லாவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். பாதிக் கதையை வைத்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.

இதை விட வேடிக்கையான சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பெரியவர்களை மனதில் வைத்து எடுக்கப்படும் தொடர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் ஒளிபரப்பாகும். ஜப்பானிய நிகழ்ச்சி நிரலில் அந்த நேரத்தை 24:55, 25:30 என்று எழுதுவார்கள். வியாழன் 25:30 என்றால் நம் கணக்கில் வெள்ளி அதிகாலை 1:30. ‘இரேஸ்ட்’ தொடரின் முதல் அத்தியாயம் வியாழன் இரவு 24:55க்கு வந்தது. ஜனவரி 7 என்று ஓர் இடத்திலும் 8 என்று இன்னோர் இடத்திலும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் சரி. வருடக் கடைசி இரவில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சி என்றால் இந்த ஒரு நாள் வித்தியாசம் வருடத்தையே மாற்றிவிடும்.

படங்களின் தேதி வேறு விதமாக ஏமாற்றும். ‘யுவர் நேம்’ முதலில் காட்டப்பட்டது 2016 ஜூலை 3 அன்று, லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அனிமே எக்ஸ்போவில். ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தது ஆகஸ்ட் 26. அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனது 2017 ஏப்ரலில். ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றில் அது 2017 படமாக இருப்பது இதனால்தான். ஜப்பானில் பொதுமக்களுக்கு வெளியான தேதியைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

அப்புறம் வசூல். ‘யுவர் நேம்’ ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென்னைத் தாண்டியது, அதனால் அந்த வருடமே அதன் இயக்குநர் மகொதோ ஷின்காயின் வருடம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வருடத்தின் சிறந்த ஜப்பானியப் படமாக ‘கினெமா ஜுன்போ’ என்ற ஜப்பானிய சினிமா இதழ் தேர்ந்தெடுத்தது சுனாவோ கதாபுச்சி இயக்கிய ‘இன் திஸ் கார்னர்’ படத்தை. 1988இன் ‘டொடோரோ’வுக்குப் பிறகு ஓர் அனிமே அந்த இடத்தைப் பிடித்தது அப்போதுதான். போர்க்காலக் குரே நகரில் ஒரு மருமகளின் அன்றாட வாழ்க்கை என்றால் யார் பணம் போடுவார்கள்? 3,300க்கும் மேற்பட்ட ரசிகர்கள் இணையம் வழியே சுமார் 3.9 கோடி யென் திரட்டிக் கொடுத்துத்தான் வேலை நகர்ந்தது. நவம்பர் 12 அன்று 63 அரங்குகளில் வெளியாகி, வாய்வழிப் பேச்சிலேயே பரவியது. 2019இல் வந்த நீட்டிக்கப்பட்ட வடிவத்தை எடுத்து வைத்து 2016 படம் என்று பார்த்துவிடாதீர்கள். சேர்த்த காட்சிகள் கதாநாயகி சுஸுவின் குணத்தையே வேறு மாதிரி காட்டும்.

‘தி ரெட் டர்ட்டில்’ படம் ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோவின் பெயரோடு வந்ததால் அதை ஜிப்லி படம் என்று மட்டும் எழுதுவதும் சரியில்லை. இயக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மிகைல் டுடோக் டி விட். பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு அது. பட்டியலில் இருக்கட்டும், ஒரு குறிப்போடு.

ஜனவரித் தொடர்கள் டிசம்பருக்குள் மறந்துபோவது எல்லா வருடமும் நடக்கிறது. 2016இல் அப்படி ஒதுங்கிப்போனது ‘ஷோவா கென்ரொகு ரகுகோ ஷின்ஜு’. மேடையில் உட்கார்ந்தபடி ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களையும் பேசிக் காட்டும் ரகுகோ கலையைப் பற்றியது. அக்டோபரில் வந்த ‘யூரி ஆன் ஐஸ்’ எழுப்பிய ஆரவாரத்தில் இதற்கு எங்கே இடம்? என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் சிறந்த தொடர் இதுதான். இரண்டாம் பாகம் 2017இல் வந்தது, அதையும் பார்த்தால்தான் கதை முழுமை பெறும்.

கடைசியாக, ‘டோரேமான்’, துப்பறியும் சிறுவன் ‘கோனன்’ படங்களைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். ஏப்ரலில் வந்த கோனன் படம் 600 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. மார்ச்சில் வந்த டோரேமான் படம் 1989இல் வந்ததன் மறுஆக்கம். கதையும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், தேடும்போது வருடத்தைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.