பாய்லர் மாற்றுமுன்: சரியான ஆலோசனையும் கொட்டேஷனும் வாங்குவது எப்படி?

பிரிட்டனில் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லர் பழுதானது பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான் தெரியவரும். கோடை முழுக்க ஹீட்டிங் ஓடியிருக்காது; முதல் குளிரில் போட்டதும் நின்றுவிடும். எல்லா எஞ்சினியரும் ஓய்வின்றி ஓடும் அந்த வாரத்தில் அவசரப்பட்டு முடிவெடுத்தால் பணமும் போகும், தேர்வும் தவறும். பாய்லருக்கு வயதாகிவிட்டது என்றால் மே மாதத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

1. மாற்றத்தான் வேண்டுமா?

ஹீட்டிங் ஓடும்போது அழுத்தமானி 3 பாரை நெருங்குகிறது, ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்குகிறது, வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் கலம்) காற்று போயிருக்கும். காற்றடைத்தோ, வெசலையோ, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வையோ மாற்றியோ சரிசெய்யலாம். ஹீட்டிங் நன்றாக வேலை செய்து, வெந்நீர்க் குழாயில் மட்டும் வெதுவெதுப்பாக வந்தால் முதலில் டைவர்ட்டர் வால்வைப் (சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடுவது) பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்காகப் புது பாய்லர் வாங்க வேண்டாம். தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரே ஒழுகுகிறது, அல்லது உங்கள் மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது என்றால் மாற்றுவதே நல்லது.

வாடகை வீடு என்றால் இந்தக் கவலை உங்களுடையது அல்ல. பழுது பார்ப்பதும் மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு.

2. ஆள் வருமுன் நீங்கள் அளக்க வேண்டியது

காலை ஏழு மணிவாக்கில், தெருவே தண்ணீர் திறக்கும் நேரத்தில், சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து 2 லிட்டர் ஜக்கைப் பிடியுங்கள். 10 வினாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். இந்த ஒரு எண்ணை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

காரணம் இதுதான். காம்பி பாய்லர் தண்ணீரைச் சேமித்து வைப்பதில்லை, ஓடும்போதே சூடாக்குகிறது. குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரியாக்க, 24 கிலோவாட் காம்பியால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர்தான் தர முடியும். 30 கிலோவாட் என்றால் சுமார் 12 லிட்டர். தெருக் குழாயிலிருந்து வருவதே 9 லிட்டர் என்றால் 40 கிலோவாட் வாங்குவது வீண். ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் ஓடும் வீட்டில், வெந்நீரைச் சேமிக்கும் சிலிண்டரோடு சேர்ந்த சிஸ்டம் பாய்லரைப் பற்றிக் கேளுங்கள். இருக்கும் சிலிண்டரை அவசரமாகக் கழற்றவிடாதீர்கள்.

வீட்டைச் சூடாக்க இவ்வளவு பெரிய பாய்லர் தேவையே இல்லை. மூன்று படுக்கையறை கொண்ட சாதாரண செமி (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டுக்குக் கடுங்குளிரிலும் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் போதும். அதனால் அதிகபட்சத் திறனோடு, எவ்வளவு குறைத்து எரிய முடியும் என்றும் கேளுங்கள். 7, 8 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காத பாய்லர், மிதமான குளிரில் நிமிடத்துக்கு ஒருமுறை பற்றிப் பற்றி அணையும். எரிவாயுவும் வீணாகும், பாகங்களும் தேயும்.

3. யாரைக் கூப்பிடுவது?

எரிவாயு வேலை செய்வோருக்கான கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவானவர் மட்டுமே இந்த வேலையைச் சட்டப்படி செய்யலாம். 2009 ஏப்ரலிலேயே கோர்கி பதிவின் இடத்தில் இது வந்துவிட்டது. பழைய கோர்கி அட்டையைக் காட்டினால் ஏற்காதீர்கள். அட்டையின் முன்பக்கம் படம், எண், காலாவதித் தேதி இருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கிறது.

மூன்று கொட்டேஷன் போதும், ஆனால் மூவரும் நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும். மீட்டரையும் லாஃப்டையும் பார்க்காமல் போனில் சொல்லும் விலையைக் கொட்டேஷனாகக் கொள்ள முடியாது. உங்கள் தெருவில் இதே அமைப்புள்ள வீட்டில் பாய்லர் மாற்றியவர்களிடம் கேட்டால் நல்ல ஆள் கிடைக்கும்.

4. எழுத்தில் கேட்க வேண்டியவை

ஒருவர் விலை மற்றவரைவிட 600 பவுண்ட் குறைவாக இருந்தால், எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அடிக்கடி விடுபடுவது எரிவாயுக் குழாய். 30 கிலோவாட் காம்பி முழு வேகத்தில் மணிக்கு 3 கன மீட்டருக்கு மேல் இழுக்கும். மீட்டரிலிருந்து பாய்லர்வரை அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. நீளமான 15 மி.மீ. குழாயில் இது பெரும்பாலும் தேறாது, 22 மி.மீ. போட வேண்டிவரும். அதை முன்பே கணக்கிடாதவர், தரைப்பலகையைக் கிளப்பிய பிறகு கூடுதல் பணம் கேட்பார்.

அடுத்தது, பாய்லரில் உண்டாகும் கழிவுநீரை வெளியேற்றும் கண்டென்சேட் குழாய். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே கழிவுக் குழாயில் சேர வேண்டும். வெளியே போனால் 32 மி.மீ. குழாய், காப்புறையோடு, சரிவாக, குறைந்த நீளத்தில். மெல்லிய குழாய் பனியில் உறைந்து, களகளவென்று சத்தம் போட்டு, பாய்லர் நின்றுவிடும்.

ரேடியேட்டரின் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் காற்று, அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் சேறு. சேறு இருந்தால் பவர் ஃப்ளஷ் (இயந்திரத்தால் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவது) வேண்டுமா என்று கேளுங்கள். எப்படியானாலும் பழைய குழாய்களைக் கழுவுவது, துருப்பிடிக்காமல் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவம், இரும்புத் துகளைப் பிடிக்கும் மேக்னடிக் ஃபில்டர் மூன்றும் கொட்டேஷனில் இருக்கட்டும். சேற்றால் கெட்ட பாய்லருக்கு வாரண்டி கிடைக்காது.

மாடலின் முழுப்பெயர், ஃப்ளூ (புகைபோக்கிக் குழாய்), சுவர்த் துளையை அடைத்துப் பூசுவது, பழையதை அகற்றுவது, கார்பன் மோனாக்சைடு அலாரம், 20 சதவீத வாட் (VAT) வரி ஆகியவையும் வேண்டும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல் புது காம்பியோடு நான்கு கூடுதல் வசதிகளில் ஒன்று கட்டாயம். அவற்றில் வெளிவெப்பத்துக்கு ஏற்பத் தானே சூட்டைக் குறைக்கும் வெதர் காம்பன்சேஷனைத்தான் பரிந்துரைப்போம்.

இதே சமயத்தில், வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்புக்கும் ஒரு கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரில் அதற்கான அரசு மானியம் 7,500 பவுண்டாக உயர்ந்தது. எரிவாயு பாய்லருக்கு அந்த மானியம் கிடையாது.

5. பணமும் காகிதமும்

முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். மொத்த விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வேலை கெட்டுப்போகும்போது கார்டு நிறுவனத்திடமும் ஈடு கேட்கலாம்.

வேலை முடிந்த அன்றே பெஞ்ச்மார்க் பக்கத்தை (பாய்லரைச் சரியாகப் பொருத்தியதற்கான பதிவு) நிரப்பி வாங்குங்கள். வாரண்டியை உங்கள் பெயரில், உங்கள் முகவரிக்குப் பதிவு செய்தாரா என்று பாருங்கள்; பல நிறுவனங்கள் 30 நாள் கெடு வைக்கின்றன. கேஸ் சேஃபுக்கு அவர் தெரிவிக்கவும் 30 நாள்தான். அதன் பிறகு கட்டட விதிச் சான்றிதழ் வரும். வராவிட்டால் விடாமல் கேளுங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் அதைக் கேட்பார்.