சுவரில் பீய்ச்சும் பூனையும் சிறுநீர் கழிக்கத் திணறும் பூனையும்

வீட்டுப் பூனை மணல் தட்டை விட்டு வெளியே சிறுநீர் கழித்தால், அதைத் திட்டுவதற்கு முன், அது நின்றுகொண்டு கழித்ததா, குந்திக் கழித்ததா என்று பாருங்கள். அது எல்லை குறிக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எல்லை குறிக்கும் பூனை சுவருக்கோ திரைச்சீலைக்கோ பின்புறத்தைக் காட்டி நின்று, நிமிர்த்திய வால் துடிதுடிக்கச் சிறிதளவு பீய்ச்சும். கறை தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் தொடங்கிக் கீழே வழிந்திருக்கும். மணல் தட்டையும் அது வழக்கம்போலப் பயன்படுத்தும். உணவிலோ விளையாட்டிலோ குறை தெரியாது. கருத்தடை செய்யாத கடுவன்களிடம் இது மிகுதி. சன்னலுக்கு வெளியே தெருப்பூனை நடமாடினாலோ, வீட்டிற்குப் புதுப் பூனை வந்தாலோ, கருத்தடை செய்த பூனையும் பெட்டையும்கூடப் பீய்ச்சத் தொடங்கலாம்.

நோயுற்ற பூனை பெரும்பாலும் குந்தியே கழிக்கும். எங்கள் கடுவன் ஒரு நாள் காலை தட்டில் ஏறிக் குழி பறித்து, நெடுநேரம் முக்கி, இறங்கிய சற்று நேரத்திலேயே மீண்டும் ஏறியது. மணலில் புளியங்கொட்டை அளவு ஈரக்கட்டிகள் இரண்டு மட்டுமே இருந்தன. அடிக்கடி போவது, கழிக்கும்போது கத்துவது, குறியை ஓயாமல் நக்குவது, குளியலறைத் தரை போன்ற குளிர்ந்த இடங்களை நாடுவது ஆகியவை சிறுநீர்ப்பை அழற்சியையோ கல்லையோ காட்டலாம். ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் இரத்தம் கலந்திருக்கலாம். மாறாக, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்துப் பெருமளவு கழித்தால், நீரிழிவையோ சிறுநீரக நோயையோ ஐயப்பட வேண்டும்.

கடுவன் முக்கியும் சொட்டுகூட வரவில்லையென்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். அதன் சிறுநீர்ப்பாதை மிகக் குறுகியது. அது அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடக்கூடும். இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவோர் உண்டு. அதனால் இழப்பது பொன்னான நேரம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, அது பூனைக்கு நஞ்சு. வயிற்றையும் அழுத்தாதீர்கள்.

பீய்ச்சும் பூனைக்கும் உள்ளே நோய் இருக்கலாம் என்பதால், இயல்புப் பழக்கம் என்று முடிவு கட்டுமுன் கால்நடை மருத்துவரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவதே முறை. பூனை மருத்துவமனையில் மிரண்டு ஒடுங்கிவிடும். ஆகவே வீட்டில் அது கழிக்கும் விதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு செல்லுங்கள்.