கேட் சாஃப்ட்வேர் தேடுகிறீர்களா? முதலில் பட்டறைக்குப் போங்கள்

வாசல் கேட் இல்லை. கணினியில் பொருள் வரையும் கேட். எது நல்லது என்று யூடியூபில் தேடினால் ராத்திரி போய்விடும். ஒன்றும் வரைந்திருக்க மாட்டீர்கள்.

படி 1: வெட்டுபவரிடம் கேளுங்கள்.
சைக்கிள் கேரியரில் தண்ணிக் குடம் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்று வியாசர்பாடியில் ஒரு லேசர் கட்டிங் பட்டறைக்குப் போனேன். "இன்னா சாஃப்ட்வேர்ல வேணா போடு தம்பி, டிஎக்ஸ்எஃப்பா குடு" என்றார் அண்ணன். டிஎக்ஸ்எஃப் ஒரு கோப்பு வகை. தகடு வெட்ட டிஎக்ஸ்எஃப், சிஎன்சி மில்லிங்குக்கு (கணினி சொல்படி குடையும் மெஷின்) ஸ்டெப், 3டி பிரிண்டுக்கு எஸ்டிஎல். இது தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படி 2: வரைந்ததை விற்பீர்களா?
ஃப்யூஷன், ஆன்ஷேப், ஃப்ரீகேட் என்று மூன்று கேட் சாஃப்ட்வேர்களைப் பார்ப்போம். ஃப்யூஷன் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரே சமயம் 10 கோப்புகளைத்தான் திருத்தலாம். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும், பழைய லேப்டாப்புக்கு வசதி. ஆனால் இலவசக் கணக்கில் உங்கள் படம் ஊருக்கே தெரியும், வியாபாரத்துக்கும் ஆகாது. ஃப்ரீகேடில் இந்தத் தொல்லை இல்லை: வரையலாம், விற்கலாம், காசே இல்லை. முகப்பு கொஞ்சம் முரடு. முன்பு முரண்டும் பிடிக்கும். 2024 நவம்பரில் 1.0 வந்தபின் நிறையவே அடங்கிவிட்டது. என் ஓட்டு இதற்குத்தான்.

படி 3: ஒரே ஒரு பொருள் வரையுங்கள்.
ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பகுதியில் ஒரு 'பாடி' (பொருளுக்கான கூடு), அதில் ஸ்கெட்ச். வெர்னியர் அளவுகோலில் கேரியர் கம்பி 9.8 மி.மீ. காட்டியது, வளைவுக்கு 10.5 வைத்தேன், பெயின்ட் ஏறினாலும் நுழையும். எல்லா அளவும் கொடுத்து முடித்ததும் கோடுகள் பச்சையாகும். பச்சை வராமல் நகராதீர்கள். பிறகு 'பேட்' கட்டளையில் 6 மி.மீ. தடிமன் கொடுங்கள்.

படி 4: ஸ்கெட்சை டிஎக்ஸ்எஃப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.
கோப்போடு 'அளவு மி.மீ.' என்று எழுதியும் கொடுங்கள். என் 80 மி.மீ. கொக்கி பட்டறைக் கணினியில் 80 இன்ச்சாகத் திறந்தது. ஆறரை அடிக்கு மேல்! குடம் இல்லை, ஆளையே மாட்டலாம்.

படி 5: வெட்டுமுன் தாள்.
ஃப்ரீகேடின் டெக்ட்ரா (தாளில் வரைபடம் எடுக்கும் பகுதி) போய் விகிதம் 1 வைத்து, 'ஃபிட் டு பேஜ்' இல்லாமல் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, கத்தரித்து, கேரியரில் மாட்டிப் பாருங்கள். என் கொக்கியின் நுனி ஸ்போக்கில் இடித்தது. ஸ்கெட்சில் 80-ஐ 65 ஆக்கினேன். மற்ற கோடுகள் தானாக ஒதுங்கிக்கொண்டன. இன்னொரு தாள், இரண்டு ரூபாய்.